ஒரு லட்சத்தில் ஒன்று

1981இல் ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவர்களிடம் ஒருவர் வந்தார். அவருக்கு மெக்ஆர்டில் நோய் இருக்கலாம் என்று சந்தேகம். தசையில் சேமித்து வைத்திருக்கும் கிளைக்கோஜனை உடைக்கும் நொதி பிறவியிலேயே இல்லாமல் போகும் நோய் இது. சற்றுக் கடுமையாக வேலை செய்தாலே தசை வலித்து இறுகிவிடும். அதை உறுதிசெய்ய வழக்கமான வழி, தசையிலிருந்து ஒரு துணுக்கை வெட்டியெடுத்துச் சோதிப்பது. பிரையன் ராஸ், ஜார்ஜ் ராடா, டேவிட் காடியன் ஆகியோரின் குழு வேறு வழியைப் பார்த்தது. நோயாளியின் முன்கையைக் காந்தத்துக்குள் வைத்து, தசைக்குப் பயிற்சி கொடுத்து, அதிலுள்ள பாஸ்பரஸ் அணுக்கருக்கள் அனுப்பும் ரேடியோ சிக்னலைப் பதிவுசெய்தார்கள். நல்ல தசை கடுமையாக உழைத்தால் லாக்டிக் அமிலம் சேரும், தசையின் உட்புறம் அமிலமாகும். அப்போது பாஸ்பேட்டுக்குரிய கோடு நிறமாலையில் தன் இடத்தை விட்டு நகரும். இவர் கையில் அந்தக் கோடு நகரவில்லை. கிளைக்கோஜன் உடையவில்லை, லாக்டிக் அமிலம் பிறக்கவில்லை என்பது அந்த ஒரு கோட்டிலிருந்தே தெரிந்துவிட்டது.

உயிருள்ள உடம்புக்குள் நடக்கும் வேதியியலை, தோலைக் கீறாமல், கதிரியக்கம் எதையும் செலுத்தாமல் வாசிக்க முடியும் என்று காட்டிய சோதனை அது. காந்த ஒத்ததிர்வு நிறமாலையியல், சுருக்கமாக எம்.ஆர்.எஸ்., அன்றே மருத்துவமனைக்குள் நுழைந்துவிட்டது. அதன் உடன்பிறப்பான எம்.ஆர்.ஐ. இன்று மாவட்டத் தலைநகரங்கள் வரை பரவியிருக்கிறது. எம்.ஆர்.எஸ். மட்டும் பெரிய மருத்துவமனைகளின் ஆய்வுப் பிரிவுகளைத் தாண்டி அதிகம் வரவில்லை. இரண்டுக்கும் காந்தம் ஒன்றுதான், இயற்பியலும் ஒன்றுதான். வேறுபாடு சிக்னலின் வலுவில் இருக்கிறது.

அணுக்கருக்கள் சில, ஹைட்ரஜனின் புரோட்டானைப் போல, சின்னஞ்சிறு காந்தங்களாக நடந்துகொள்கின்றன. வலுவான காந்தப்புலத்தில் வைத்தால் அவை புலத்தின் திசையிலோ எதிர்த்திசையிலோ நிற்கும். சரியான அதிர்வெண்ணில் ரேடியோ அலையைச் செலுத்தினால் நிலை மாறி, பிறகு தாங்களே மெல்லிய ரேடியோ சிக்னலைத் தரும். 1945இன் இறுதியில் ஹார்வர்டில் எட்வர்ட் பர்செலின் குழு பாரஃபின் மெழுகிலும், அதையடுத்து ஸ்டான்ஃபோர்டில் ஃபெலிக்ஸ் ப்ளாக்கின் குழு தண்ணீரிலும் இதைக் கண்டன. இருவருக்கும் 1952இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒரே தனிமத்தின் அணுக்கருவாக இருந்தாலும், அது எந்த மூலக்கூறில் எந்த இடத்தில் அமர்ந்திருக்கிறதோ அதைப் பொறுத்து அதிர்வெண் இம்மியளவு மாறும். 1951இல் ஸ்டான்ஃபோர்டில் எத்தனாலை வைத்துச் சோதித்தபோது ஹைட்ரஜனுக்கு ஒன்றல்ல, மூன்று கோடுகள் தெரிந்தன: எத்தனாலில் ஹைட்ரஜன் இருக்கும் மூன்று வகை இடங்களுக்கு மூன்று கோடுகள். அந்தக் கட்டுரையின் மூன்று ஆசிரியர்களில் ஒருவர் இந்தியரான தர்மட்டி. பின்னர் பம்பாயின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் இந்தத் துறையைத் தொடங்கிவைத்தவர் அவரே. மூலக்கூறை அடையாளம் காட்டும் கோடுகள் என்ற அந்தக் கண்டுபிடிப்பின் மேல்தான் எம்.ஆர்.எஸ். முழுதும் நிற்கிறது.

இனிச் சிக்கலுக்கு வருவோம். இன்று நல்ல மருத்துவமனைகளில் இருப்பது 3 டெஸ்லா காந்தம். அதற்குள், உடல் வெப்பநிலையில், பத்து லட்சம் புரோட்டான்களை எண்ணிப் பார்க்க முடிந்தால் 5,00,005 ஒரு பக்கமும் 4,99,995 மறுபக்கமும் நிற்கும். எதிரெதிரே நிற்பவை ஒன்றையொன்று ரத்துசெய்துவிடுகின்றன. மிச்சமிருக்கும் பத்து மட்டுமே நமக்குச் சிக்னல் தருகின்றன. லட்சத்துக்கு ஒன்று. இந்த ஏற்றத்தாழ்வை முனைவாக்கம் என்பார்கள். காரணம் எளிது. காந்தப்புலம் அணுக்கருவைத் திருப்பிப் பிடித்துவைக்கப் பயன்படுத்தும் ஆற்றல், உடல் சூட்டில் நடக்கும் ஓயாத மூலக்கூறு அசைவின் ஆற்றலுக்கு முன் மிகமிகச் சிறியது. வெப்பம் கலைத்துக்கொண்டே இருக்கிறது.

எம்.ஆர்.ஐ. இதைச் சமாளித்துவிடுகிறது, ஏனென்றால் அது பார்ப்பது தண்ணீரை. உடம்பில் தண்ணீர் கொட்டிக்கிடக்கிறது. லட்சத்தில் ஒன்று சிக்னல் தந்தாலும் போதும். எம்.ஆர்.எஸ். தேடும் வளர்சிதைமாற்றப் பொருள்களோ தண்ணீரைவிட ஆயிரக்கணக்கான மடங்கு குறைவாக இருப்பவை. மூளையில் மிக எளிதாகக் கிடைக்கும் என்-அசிட்டைல் அஸ்பார்ட்டேட் லிட்டருக்குப் பத்து மில்லிமோல் அளவில் இருக்கிறது. நரம்புகளை அமைதிப்படுத்தும் காபா என்ற பொருள் ஒரு மில்லிமோல் அளவுதான். அதன் கோடும் கிரியேட்டினின் பெரிய கோட்டுக்கு அடியில் மறைந்துகிடக்கிறது. அதைப் பிரித்தெடுக்க வேண்டுமானால், பக்கத்துக்கு மூன்று சென்டிமீட்டர் கொண்ட ஒரு கன சதுரத்தை மூளையில் குறித்துக்கொண்டு பத்து நிமிடம் போலக் கேட்க வேண்டியிருக்கிறது. எம்.ஆர்.ஐ. படத்தில் ஒரு மில்லிமீட்டர் நுணுக்கம் பார்த்துப் பழகிய மருத்துவருக்கு இது எவ்வளவு பெரிய இறக்கம் என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் கனசதுரத்துக்குள் ஒரு சிறு கட்டி இருந்தால், அதைச் சுற்றியிருக்கும் நல்ல திசுவின் சிக்னல் அதை விழுங்கிவிடும்.

கார்பனின் நிலைமை இன்னும் மோசம். உயிர்வேதியியல் என்பதே பெரும்பாலும் கார்பனின் கதைதான். ஆனால் சாதாரணக் கார்பன்-12க்குக் காந்தத்தன்மை கிடையாது. நூறில் 1.1 பங்கு மட்டுமே உள்ள கார்பன்-13தான் சிக்னல் தரும். அதன் முனைவாக்கமும் புரோட்டானுடையதில் கால்வாசி.

சிக்னல் மெல்லியதாக இருந்தால் திரும்பத் திரும்பப் பதிவுசெய்து கூட்டலாம். சிக்னல் நேராகக் கூடும், இரைச்சல் குறுக்கும் நெடுக்குமாக இருப்பதால் மெதுவாகக் கூடும். 1960களில் ரிச்சர்ட் எர்ன்ஸ்டும் வெஸ்டன் ஆண்டர்சனும் எல்லா அதிர்வெண்களையும் ஒரே துடிப்பில் எழுப்பி, கணிதத்தால் பிரித்தெடுக்கும் முறையைக் கொண்டுவந்து இந்தக் கூட்டலைப் பல மடங்கு வேகப்படுத்தினார்கள். எர்ன்ஸ்டுக்கு 1991இல் நோபல் பரிசு வந்தது. ஆனாலும் கூட்டலுக்கு ஒரு கொடுமையான விதி உண்டு. தெளிவு இருமடங்காக வேண்டுமானால் நேரம் நான்கு மடங்காக வேண்டும். பத்து நிமிடப் பதிவைப் பத்து மடங்கு தெளிவாக்க நோயாளி பதினாறரை மணி நேரத்துக்கு மேல் அசையாமல் படுத்திருக்க வேண்டும். பத்தாயிரம் மடங்குக்கு ஏறத்தாழ 1,900 ஆண்டுகள்.

காந்தத்தைப் பெரிதாக்கலாம். பிரான்ஸின் சக்லேயில் உள்ள 11.7 டெஸ்லா காந்தம் 132 டன் எடை. மனித மூளையை அதில் எடுத்த படங்கள் 2024இல் வெளியாயின. அத்தனை முயற்சிக்கும் 3 டெஸ்லாவிலிருந்து கிடைக்கும் முனைவாக்கம் நான்கு மடங்குக்குச் சற்றுக் குறைவுதான். சிக்னலை வாங்கும் சுருளைக் குளிரவைக்கலாம். சோதனைக்குழாயில் உள்ள மாதிரிகளுக்கு இருபது கெல்வின் வரை குளிரூட்டிய சுருள்கள் மூன்று நான்கு மடங்கு லாபம் தருகின்றன, வேதியியல் கூடங்களில் அவை இன்று சாதாரணம். மனிதரைப் படுக்கவைத்ததும் அந்த லாபத்தில் பெரும்பகுதி போய்விடுகிறது. அங்கே இரைச்சலின் முதன்மை ஊற்று சுருள் அல்ல, உப்பும் நீருமான மனித உடம்பேதான். அதைக் குளிரவைக்க வழியில்லை.

இவையெல்லாம் தேவையான முன்னேற்றங்கள், இன்றும் நாள்தோறும் பயன்படுபவை. ஆனால் எல்லாமே அந்த லட்சத்தில் ஒன்றை அப்படியே ஏற்றுக்கொண்டு, அதை இன்னும் கூர்மையாகக் கேட்க முயல்கின்றன. மீதி 99,999ஐ ஒரே பக்கம் திருப்பிவிட முடியுமா என்ற கேள்வி வேறு வகையானது.

அதற்கான விடை 1953லேயே வந்துவிட்டது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இளம் ஆய்வாளராக இருந்த ஆல்பர்ட் ஓவர்ஹவுசர், ஓர் உலோகத்திலுள்ள எலக்ட்ரான்களை நுண்ணலையால் கலைத்தால், அதே உலோகத்தின் அணுக்கருக்கள் ஒழுங்குபடும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். எலக்ட்ரானும் ஒரு காந்தம், புரோட்டானைவிட 658 மடங்கு வலுவானது. அதன் ஒழுங்கை அணுக்கருவுக்குக் கைமாற்றலாம் என்பதே கணக்கின் சாரம். ப்ளாக், பர்செல், ராபி, ராம்சே என அத்துறையின் பெரியவர்கள் நம்ப மறுத்தார்கள். ஒன்றைச் சூடாக்கி மற்றொன்றைக் குளிர்விப்பது வெப்பவியலுக்கே விரோதமாகப் பட்டது. அதே ஆண்டில் அதே பல்கலைக்கழகத்தில் டாம் கார்வரும் சார்ல்ஸ் ஸ்லிக்டரும் லித்தியத்தில் சோதித்து, ஓவர்ஹவுசர் சொன்னது சரி என்று நிறுவினார்கள்.

பிறகு இந்த வித்தை துகள் இயற்பியலாளர்கள் கைக்குப் போனது. உறைநிலையில் உள்ள திடப்பொருள்களில் அணுக்கருக்களை ஒரே திசையில் நிறுத்தி, அவற்றைத் துகள்களால் தாக்கிப் பார்க்க அவர்களுக்கு அது தேவைப்பட்டது. பல பத்தாண்டுகள் அது பெரும்பாலும் அங்கேயே தங்கிவிட்டது. அதற்கான குளிரும், உடம்பின் கதகதப்பும் சேரவே முடியாது என்று தோன்றியதுதான் காரணம்.

அந்தச் சுவரை உடைத்தவர்கள் ஸ்வீடனின் மால்மோ நகரில் அமர்ஷாம் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் இருந்தார்கள். யான் ஹென்ரிக் ஆர்டென்க்யார்-லார்சன், கிளாஸ் கோல்மன் ஆகியோரின் குழு. 2003இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே பத்தாயிரம் மடங்குக்கு மேல் என்ற எண் இருக்கிறது.

அவர்கள் செய்ததைப் படிப்படியாகப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் ஒவ்வொரு படியிலும் ஓர் இயற்பியல் தடை கடக்கப்படுகிறது. பார்க்க விரும்பும் பொருளில் கார்பன்-13ஐ வேண்டிய இடத்தில் பொருத்தித் தயாரிக்கிறார்கள். அத்துடன் ட்ரிட்டைல் என்ற சேர்மத்தைச் சிறிதளவு கலக்கிறார்கள். இணை சேராத தனி எலக்ட்ரான் ஒன்று அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் இருக்கும். கலவையை 3.35 டெஸ்லா காந்தத்துக்குள், திரவ ஹீலியத்தில் 1.2 கெல்வினுக்குக் குளிர்விக்கிறார்கள். அது படிகமாகாமல் கண்ணாடி போல உறைய வேண்டும். படிகமானால் தனி எலக்ட்ரான்கள் ஓரமாக ஒதுங்கிவிடும். அந்தக் குளிரில் எலக்ட்ரான்களில் முனைவாக்கம் 95 விழுக்காட்டை எட்டிவிடுகிறது. கார்பனுக்கோ அதே இடத்தில் 0.1 விழுக்காடுகூட இல்லை. இப்போது 94 கிகாஹெர்ட்ஸ் அளவில் நுண்ணலையைச் செலுத்துகிறார்கள். எலக்ட்ரானும் பக்கத்துக் கார்பனும் சேர்ந்து புரள்கின்றன. எலக்ட்ரான் குளிரில் உடனே பழைய நிலைக்குத் திரும்பி அடுத்த கார்பனுக்குத் தயாராகிறது. மணிக்கணக்கில் இது நடக்க, கார்பனின் ஒழுங்கு ஏறிக்கொண்டே போகிறது.

அடுத்து வருவதுதான் துணிச்சல். மாதிரியை ஹீலிய மட்டத்துக்குச் சற்று மேலே தூக்கி, கொதிநிலையைத் தாண்டிச் சூடேற்றி அழுத்தத்தில் வைத்திருந்த நீரை அதன்மேல் பாய்ச்சுகிறார்கள். தனிப் பூஜ்ஜியத்தை ஒட்டிய குளிரில் இருந்த பொருள் சில விநாடிகளில் கரைந்து, ஊசியில் ஏற்றக்கூடிய கரைசலாக வெளியே வருகிறது. கரைவதற்குள் ஒழுங்கு முழுதும் கலைந்துவிடும் என்றே எவரும் நினைப்பார்கள். யூரியாவைக் கரைத்து அளந்தபோது கார்பனின் முனைவாக்கம் 37 விழுக்காடு இருந்தது. அறை வெப்பநிலையில் 9.4 டெஸ்லாவில் கிடைத்திருக்கக்கூடியதைவிட 44,400 மடங்கு.

மனிதருக்கான முதல் பொருளாக யூரியாவை முந்தியது பைருவேட். அந்தத் தேர்வு எனக்கு மிகவும் பிடித்தது, நான்கு காரணங்கள் ஒரே மூலக்கூறில் வந்து சேர்ந்திருப்பதால். அதன் அமில வடிவமான பைருவிக் அமிலம் திரவமாகவே இருக்கும், தானாகவே கண்ணாடி போல உறையும். அதன் முதல் கார்பனில் ஹைட்ரஜன் ஒட்டியிருக்கவில்லை, அதனால் ஒழுங்கு மெதுவாகக் கலைகிறது. நம் ஒவ்வொரு செல்லிலும் ஏற்கெனவே இருக்கும் பொருள் என்பதால் நஞ்சல்ல. எல்லாவற்றுக்கும் மேலாக, சர்க்கரை உடைந்து வரும் பாதை பல திசைகளில் பிரியும் இடத்தில் பைருவேட் நிற்கிறது. அங்கிருந்து லாக்டேட்டாகலாம், அலனைனாகலாம், அல்லது மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய் எரிந்து கார்பன் டை ஆக்சைடாகவும் பைகார்பனேட்டாகவும் வெளிவரலாம். ஒவ்வொன்றின் கோடும் நிறமாலையில் தனித்தனியே விழுகிறது. எந்தப் பாதையில் எவ்வளவு போகிறது என்பதை நேரடியாகப் பார்க்கலாம்.

ஆனால் இந்த ஒழுங்கு கடன் வாங்கியது. கரைந்த கணத்திலிருந்தே கலையத் தொடங்குகிறது. வெளியே கரைசலில் இருக்கும்போது ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் 37 விழுக்காடுதான் மிஞ்சும், ஐந்து நிமிடத்தில் ஒரு விழுக்காடும் மிஞ்சாது. உடம்புக்குள் போனபின் இன்னும் வேகமாகக் கலையும். ஆகவே ஸ்கேன் அறையில் நடப்பது ஓர் ஓட்டம். கரைசல் வெளிவந்ததும் ட்ரிட்டைலை வடிகட்டி, எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அமிலத்தன்மை, வெப்பநிலை, செறிவு, முனைவாக்கம் எல்லாவற்றையும் அளந்து, மருந்தாளுநர் சரி என்று சொன்ன பிறகே ஊசி ஏறும். இத்தனையும் ஒரு நிமிடத்தை ஒட்டிய நேரத்தில் முடிய வேண்டும்.

அளப்பதிலும் வழக்கமான முறை செல்லாது. சாதாரண எம்.ஆர்.எஸ்.இல் ஒரு துடிப்பைக் கொடுத்தபின் சற்றுக் காத்திருந்தால் அணுக்கருக்கள் பழைய ஒழுங்குக்குத் திரும்பும், மீண்டும் கேட்கலாம். இங்கே திரும்பிப் போவது அந்த லட்சத்தில் ஒன்றுக்கும் கீழான நிலைக்குத்தான். சம்பளம் நின்றுபோன வீட்டில் சேமிப்பை வைத்துச் செலவு நடத்துவது போல, ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சமே எடுத்து, கடைசி விநாடி வரை நீட்டிக்க வேண்டும். எந்த நேரத்தில் எவ்வளவு எடுப்பது என்பதே ஒரு தனிக் கலையாக வளர்ந்திருக்கிறது.

இந்த அவசரத்துக்குக் கிடைக்கும் கைம்மாறு பெரிது. 1920களில் ஓட்டோ வார்பர்க் கண்டது இது: புற்றுநோய்ச் செல்கள் ஆக்சிஜன் இருக்கும்போதே சர்க்கரையை எரிக்காமல் லாக்டேட்டாக மாற்றித் தள்ளுகின்றன. பெட் ஸ்கேன் சர்க்கரை உள்ளே போவதைக் காட்டும். உள்ளே போனபின் என்ன ஆகிறது என்பதைக் காட்டாது. பைருவேட் அதைக் காட்டுகிறது. கேம்பிரிட்ஜில் கெவின் பிரிண்டிலின் குழு 2007இல் எலிகளின் லிம்ஃபோமா கட்டிகளுக்கு எட்டோபோசைட் மருந்து கொடுத்துவிட்டு, ஒரே நாளில் பைருவேட்டிலிருந்து லாக்டேட்டுக்குப் போகும் ஓட்டம் குறைந்ததைக் கண்டது. வழக்கமாகக் கட்டி சுருங்கியதா என்று பார்க்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

2013இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் புராஸ்டேட் புற்றுநோய் உள்ள 31 பேருக்கு இந்தக் கரைசலைச் செலுத்திப் பார்த்த முடிவுகள் வெளிவந்தன. மனிதரில் நடந்த முதல் ஆய்வு அது. தேர்ந்தெடுத்த அதிகபட்ச அளவில், 70 கிலோ எடையுள்ளவருக்கு ஏறத்தாழ 30 மில்லிலிட்டர். பாதுகாப்பானது என்று தெரிந்தது. திசுச் சோதனையில் புற்றுநோய் என்று உறுதியான இடங்களில் லாக்டேட் தூக்கலாகத் தெரிந்தது. 2016இல் டொரன்டோவில் ஆரோக்கியமானவர்களின் இதயத்தைப் பார்த்தார்கள். பைகார்பனேட்டின் கோடு இதயத்தசையில் தெளிவாக எழுந்தது. துடிக்கும் இதயம் பைருவேட்டை எரிப்பதற்கான நேரடிச் சான்று.

பழைய எம்.ஆர்.எஸ். ஒரு பொருள் எவ்வளவு இருக்கிறது என்று சொன்னது. இது எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று சொல்கிறது. உணர்திறன் கூடியதால் வந்த உண்மையான ஆதாயம் படத்தின் கூர்மை அல்ல, இந்த வேகத்தைப் பார்க்கும் வசதி. ஆக்ஸ்ஃபோர்டில் கோடு நகரவில்லை என்பதைக் காணத் தசையை உழைக்கவைத்துக் காத்திருக்க வேண்டியிருந்தது. இங்கே பைருவேட்டை மாற்றும் நொதியின் வேலை விநாடிக்கு விநாடி தெரிகிறது.

அதே நேரத்தில் இந்தச் சிக்னலை வாசிப்பதில் கவனம் தேவை. லாக்டேட் கோடு உயர்ந்தால் புதிதாக லாக்டேட் உற்பத்தியானது என்று உடனே முடிவுகட்டக் கூடாது. செல்லில் ஏற்கெனவே நிறைய லாக்டேட் இருந்தால், பைருவேட்டை லாக்டேட்டாக்கும் நொதி முன்னும் பின்னும் இயங்கி, கார்பன்-13 அடையாளம் மட்டும் அங்கே இடம் மாறியிருக்கலாம். பைருவேட்டைச் செல்லுக்குள் கடத்தும் புரதம் கூடுதலாக இருந்தாலும் கோடு உயரும். ஆயிரக்கணக்கான மடங்கு உரத்த குரலாலும் இந்தத் தெளிவின்மையைத் தீர்க்க முடியாது. அதற்கு உயிர்வேதியியல் மாதிரிகளும் திசுச் சோதனைகளும் கூடவே வர வேண்டும்.

முட்டுக்கட்டை இயந்திரம்தான். ஒரு கெல்வினை ஒட்டிய குளிர், தனிக் காந்தம், நுண்ணலை, கிருமியற்ற தயாரிப்பு, ஒவ்வொரு ஊசிக்கும் பயிற்சி பெற்ற ஒரு குழு. இதற்கு மாற்றாக வளர்வது பாரா ஹைட்ரஜன் வழி. ஹைட்ரஜன் வாயுவைக் குளிர்வித்து, இரும்பு ஆக்சைடு போன்ற வினையூக்கியின் வழியே அனுப்பினால், அதன் இரு புரோட்டான்களும் குறிப்பிட்ட ஓர் ஒழுங்கில் இணைந்த வடிவம் கிடைக்கும். அந்த ஒழுங்கை வேதிவினையின் மூலம் வேறு மூலக்கூறுக்கு மாற்றலாம் என்று 1986இல் பவர்ஸும் வைடெகாம்பும் கோட்பாட்டளவில் காட்டினார்கள். 2009இல் யார்க் பல்கலைக்கழகக் குழு, மூலக்கூறை மாற்றாமலே, ஓர் இரிடியம் சேர்மத்தில் ஹைட்ரஜனோடு சேர்ந்து கணநேரம் ஒட்டி விலகவைத்தே ஒழுங்கைக் கைமாற்றியது. 2015இல் டூரின் குழு, தற்காலிகமாக ஒட்டிய பக்கக் கிளை ஒன்றில் ஹைட்ரஜனைச் சேர்த்து, ஒழுங்கைப் பைருவேட்டின் கார்பனுக்கு அனுப்பி, கிளையை வெட்டிவிட்டது. இவற்றில் திரவ ஹீலியமும் கிடையாது, மணிக்கணக்கில் காத்திருப்பதும் கிடையாது. உலோக வினையூக்கியைக் கடைசித் துளிவரை நீக்கியாக வேண்டும் என்பது எஞ்சியிருக்கும் கடினங்களில் ஒன்று.

ஒழுங்கேற்றிய பொருளை மருந்தாக ஏற்க ஒழுங்குமுறை அமைப்புகள் தயார் என்பதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. நுரையீரல் காற்றோட்டத்தைப் பார்க்க, லேசரால் ஒழுங்கேற்றிய செனான்-129 வாயுவுக்கு அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2022 டிசம்பரில் அனுமதி தந்தது. செனானை மூச்சில் இழுத்தால் போதும், அது எந்த வேதிவினையிலும் கலப்பதில்லை. நாளத்தில் ஏற்றி, செல்லுக்குள் நுழைந்து உருமாற வேண்டிய பைருவேட் இன்னும் ஆய்வுச் சோதனைகளின் எல்லைக்குள்தான் இருக்கிறது. அதை அங்கிருந்து வெளியே கொண்டுவரப் போவது இன்னும் பெரிய காந்தம் அல்ல, திரவ ஹீலியம் தேவைப்படாத பாரா ஹைட்ரஜன் தயாரிப்புதான் என்பது என் கணிப்பு.